சிக்னல் விளக்குகள் ஒன்றோடொன்று பேசக் கற்ற கதை

கடலூர் – பண்ருட்டி வட்டாரத்தில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. விழுப்புரத்தில் கிளம்பி பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வழியாகக் கடலூர் துறைமுகம் போகும் இந்தப் பாதையை 1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே போட்டது. ஏறத்தாழ நூற்று முப்பது வருடம் மீட்டர்கேஜாகவே இருந்து, 2010இல்தான் அகலப்பாதையில் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. கேட் மூடியதும் பைக்கை அணைத்துவிட்டுக் கேட் கீப்பரைத் திட்டுவது எல்லோருக்கும் வழக்கம். ஆனால் அவர் நினைத்தபோது திறக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது.

சிக்னலோடு இணைத்துப் பூட்டப்பட்ட கேட்டில் விதி இதுதான். கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் இறங்கும். சிக்னல் இறங்கியிருக்கும்வரை கேட் திறக்காது. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவிலும் இதே கதைதான். ஒற்றைப் பாதைகளில் ரொம்ப காலம் 'பால் டோக்கன்' என்ற கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவில் மின்கம்பி. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஓர் உலோகப் பந்து வெளியே வரும். அந்தப் பந்து கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். ஒரு பந்து வெளியே இருக்கும்போது இரண்டு பெட்டியிலும் இன்னொரு பந்து வராது. கம்ப்யூட்டர் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் இரண்டு ஊர்களின் சிக்னல்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டுதான் வேலை செய்தன!

இதை முதலில் சொல்லக் காரணம், சாலை சிக்னலும் இந்த ரயில் குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான் என்பது. ஆனால் அண்ணன் சிறு வயதிலேயே கற்ற பாடத்தைத் தம்பி கற்றுக்கொள்ள நூறு வருடம் ஆயிற்று.

1868 டிசம்பரில் லண்டனில் பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அருகே உலகின் முதல் சாலை சிக்னல் நின்றது. யோசனை ஜான் பீக் நைட் என்பவருடையது. அவர் ரயில்வேக்காரர். அதனால் பகலில் ரயில் சிக்னல் போலவே கைகாட்டி மரம், இரவில் சிவப்பும் பச்சையுமாக எரிவாயு விளக்கு. ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்று கையால் இயக்க வேண்டும். அடுத்த மாதமே வாயு கசிந்து விளக்கு வெடித்தது. போலீஸ்காரர் காயம்பட்டார். அதோடு அந்த யோசனையை மூட்டை கட்டிவிட்டார்கள். அன்று சாலையில் ஓடியவை குதிரை வண்டிகள் மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிக்னல் வந்தது மோட்டார் காருக்காக அல்ல.

பிறகு அமெரிக்கா. 1914இல் கிளீவ்லாந்து நகரில் மின்சார சிக்னல் வந்தது. 1920இல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் நடுவில் மஞ்சளைச் சேர்த்து நான்கு பக்கமும் பார்க்கிற மூன்று வண்ண விளக்கைச் செய்தார். நம் கதைக்கு இவற்றைவிட முக்கியமானது 1917இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்தது. அங்கே ஆறு சந்திப்புகளின் விளக்குகளை ஒரே கம்பியில் கட்டி, ஒரே சுவிட்சில் மாற்றினார்கள். பல சந்திப்புகள் ஒன்றாக இயங்கியதற்கு இதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. 1928இல் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் சிக்னல் கம்பத்தில் ஒரு மைக் வைத்தார். பக்கத்துச் சாலையிலிருந்து வருபவர் ஹாரன் அடித்தால் சத்தம் கேட்டு விளக்கு பச்சையாக மாறும்! வண்டி வந்ததைத் தானே தெரிந்துகொண்டு மாறிய முதல் சிக்னல்களில் அது ஒன்று. நம்மூரில் வைத்திருந்தால் அந்த மைக் ஒரு நாள் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆறு விளக்கை ஒரே நேரத்தில் பச்சையாக்குவது ஒருங்கிணைப்பு ஆகிவிடுமா? ஆகாது. வண்டி ஒரு சந்திப்பிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர நேரம் ஆகும். இரண்டு சந்திப்புக்கும் இடையே 500 மீட்டர், வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டர். ஆக 50 வினாடி. முதல் விளக்கு பச்சையாகி 50 வினாடி கழித்து இரண்டாவது பச்சையானால் வண்டிகள் நிற்காமல் போகும். இதைத்தான் பச்சை அலை என்கிறார்கள்.

ஒரு திசைக்கு இது சுலபம். எதிர்த் திசையில் வருகிறவன் கதி என்ன? அவனுக்கு இரண்டாவது விளக்கு முதலில் பச்சையாகி, 50 வினாடி கழித்து முதல் விளக்கு ஆக வேண்டும். ஒரு சுற்று 100 வினாடி என்றால் பிரச்சினையே இல்லை. 50 அதில் சரிபாதி என்பதால் இரு பக்கமும் பொருந்தும். ஆனால் சந்திப்புகளின் தூரம் 300 மீட்டர் என்றால் போக 30 வினாடிதான். அதே 100 வினாடிச் சுற்றில் ஒரு பக்கத்துக்குப் பச்சை அலை, மறு பக்கத்துக்குச் சிவப்பு அலை. சுற்றை 60 வினாடியாகக் குறைத்தால் திரும்பப் பொருந்தும். ஆனால் அடுத்த சந்திப்பு 450 மீட்டரில் இருந்தால்? ஊர்களின் தெருக்கள் அளவெடுத்துப் போட்டவை அல்லவே. இதனால்தான் ஒரு நகரம் முழுவதற்கும் விளக்குகளைப் பொருத்துவது வெறும் வயரிங் வேலையாக இல்லாமல் கணக்கு வேலையாக ஆயிற்று.

தென்னிந்தியாவின் முதல் போக்குவரத்து விளக்கு 1953இல் சென்னை எழும்பூர் சந்திப்பில் வந்தது. பெங்களூருக்கு 1963இல்தான் கார்ப்பரேஷன் சர்க்கிளில் வந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம் நம் நகரங்களில் விளக்கு என்றால் காலையும் மாலையும் ஒரே அளவில் மாறும் கடிகாரம்தான். நெரிசல் முற்றினால் போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து கையால் மாற்றுவார், அல்லது விளக்கை அணைத்துவிட்டு நடுவில் வந்து நிற்பார்.

உண்மையில் அந்தப் போலீஸ்காரர்தான் முதல் தகவமைப்பு சிக்னல். எந்தப் பக்கம் வரிசை நீளம், ஆம்புலன்ஸ் எங்கே வருகிறது, எந்தக் கிழவி நடுரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று பார்த்துப் பார்த்து மாற்றுகிறார். இதில் எந்த இயந்திரமும் அவரை இன்னும் முழுசாக ஜெயிக்கவில்லை. அவருக்கு ஒரே குறை, தன் சந்திப்பு மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். இவர் தாராளமாகத் திறந்துவிடும் வண்டிகள் அடுத்த சந்திப்பில் போய் அடைத்துக்கொள்ளும். அங்கே நிற்பவர் அதைச் சமாளிக்க மூன்றாவது சந்திப்புக்குத் தள்ளிவிடுவார். ஒவ்வொருவரும் சரியாகச் செய்து, ஊர் முழுக்க நிற்கும்.

கணக்கு எங்கிருந்து வந்தது? 1958இல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் எஃப்.வி. வெப்ஸ்டர் ஒரு சூத்திரம் கொடுத்தார். விளக்கு மாறும்போது ஒவ்வொரு சுற்றிலும் வீணாகும் வினாடிகளை ஒன்றரையால் பெருக்கி ஐந்து கூட்ட வேண்டும். அதை, சந்திப்பில் மிச்சமிருக்கும் கொள்ளளவின் பங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் சரியான சுற்று நேரம். வீணாவது 12 வினாடி, சந்திப்பு பாதி நிரம்பியது என்றால் 23ஐ 0.5ஆல் வகுக்க 46 வினாடி. 70 சதவீதம் நிரம்பினால் ஏறத்தாழ 77 வினாடி. 90 சதவீதம் என்றால் 230 வினாடி! கடைசி இருபது சதவீதத்தில் விளக்கு மூன்று மடங்கு நீள்வதைக் கவனிக்கவும். வண்டிகள் கொஞ்சம் கூடினாலும் காத்திருப்பு எகிறிவிடுகிறது என்று எல்லோரும் புலம்புவது இதைத்தான். இந்திய சாலை காங்கிரஸ் 1985இல் வெளியிட்ட சிக்னல் வழிகாட்டியும் வெப்ஸ்டரின் வழியில்தான் நடக்கிறது.

1963இல் கனடாவின் டொரண்டோ நகரம் கம்ப்யூட்டரைச் சிக்னல் வேலைக்கு வைத்தது. அறுபதுகளின் கடைசியில் வெப்ஸ்டர் இருந்த அதே கூடத்தில் டென்னிஸ் ராபர்ட்சன் 'டிரான்சிட்' என்ற நிரலை எழுதினார். நகரத்தின் எல்லா விளக்குகளையும் காகிதத்தில் ஓட்டிப் பார்த்து, மொத்தக் காத்திருப்பு எதில் குறைவோ அந்த நேரங்களைத் தரும் நிரல் அது. ஆனால் அது நேற்று எண்ணிய வண்டிகளுக்கான திட்டம். இன்று தேர்த் திருவிழா என்றால் அதற்குத் தெரியாது. எனவே அடுத்த படி, சாலையையே கேட்டுக்கொண்டு விளக்கை மாற்றுவது. எழுபதுகளில் இது இரண்டு இடங்களில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தது. சிட்னியில் ஆர்தர் சிம்ஸ் குழுவின் 'ஸ்காட்ஸ்', இங்கிலாந்தில் ராபர்ட்சன் குழுவின் 'ஸ்கூட்'.

இரண்டும் சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருளை நம்பியவை. மேலே இரும்பு போனால் மின்காந்தத்தில் மாற்றம் தெரியும். ஸ்காட்ஸ் சுருளை நிறுத்தக் கோட்டருகில் வைத்து, கொடுத்த பச்சை எவ்வளவு பயன்பட்டது என்று அளந்து அடுத்த சுற்றைத் திருத்தும். ஸ்கூட் சுருளை முந்தைய சந்திப்பு முடிந்த இடத்திலேயே வைத்து, வரப்போகும் கூட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிடும். பிறகு சில வினாடி கூட்டி, சில வினாடி குறைத்துக்கொண்டே இருக்கும். பெரிய தாவல் எதுவும் இல்லை. நல்ல சமையல்காரர் உப்புப் போடுகிற மாதிரி.

கிளாஸ்கோவிலும் கோவென்ட்ரியிலும் நன்றாக ஓடியது இங்கே ஏன் திணறுகிறது? அந்தச் சுருள், வண்டிகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தன் தடத்தில் வரும் என்று நம்புகிறது. நம் சாலையில் மூன்று தடம் போட்டால் ஐந்து வரிசை நிற்கும். நடுவில் கிடைத்த சந்தில் எல்லாம் பைக் நுழைந்து நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்கும். சுருளுக்கு இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் சேர்ந்து ஒரு வண்டியாகத் தெரியலாம், எதுவுமே தெரியாமலும் போகலாம். இதற்காகவே திருவனந்தபுரத்தில் இருக்கும் சி-டாக் நிறுவனம் 'கோசிகாஸ்ட்' என்ற முறையை உருவாக்கியது. தடம் பார்க்காத கலப்புப் போக்குவரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்தது அது. பெங்களூர் உள்படப் பல இந்திய நகரங்கள் பின்னர் அதை எடுத்துக்கொண்டன. வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி மாட்டுவதைவிட இது நிச்சயம் புத்திசாலித்தனமான வழி.

கலப்புப் போக்குவரத்து என்றால் என்ன என்று தெரிய நெல்லிக்குப்பத்துக்கே திரும்ப வேண்டும். 1842இல் தொடங்கிய பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கே இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று. அரவைப் பருவத்தில் சுற்று வட்டாரக் கரும்பெல்லாம் இந்தச் சாலைகளில்தான் வரும். முன்பு மாட்டு வண்டி, பிறகு டிராக்டர் டிரெய்லர், லாரி.

பொறியாளர்கள் எல்லா வண்டியையும் காராக மாற்றி எண்ணுவார்கள். இந்திய சாலை காங்கிரஸின் 1990ஆம் வருட நகரச் சாலை அட்டவணைப்படி பைக் 0.5 முதல் 0.75 கார். ஆட்டோ 1.2 முதல் 2. பஸ்ஸும் லாரியும் 2.2 முதல் 3.7. டிராக்டர் டிரெய்லர் 4 முதல் 5. அதே வருடத்துக் கிராமப்புறச் சாலை அட்டவணையில் மாட்டு வண்டி எவ்வளவு தெரியுமா? பெரியது 8 கார், சின்னது 6 கார்! அகலத்துக்காக மட்டும் அல்ல, மெதுவாகப் போய்ப் பின்னால் வருபவர்களையும் கட்டிப்போடுவதற்காக.

இப்போது 7 மீட்டர் அகலச் சாலை ஒன்று சந்திப்பில் வந்து நிற்கிறது என்று கொள்வோம். சிக்னல் வழிகாட்டியின் கணக்குப்படி மீட்டருக்கு 525 வீதம், பச்சை தொடர்ந்து எரிந்தால் மணிக்கு 3675 கார்கள் கடக்கும். வினாடிக்கு ஒரு கார் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது வினாடிப் பச்சையில் முப்பது கார் போகும். கரும்பு டிராக்டர் என்றால் ஆறு. பச்சை அலை? மணிக்கு 4 கிலோமீட்டரில் போகும் மாட்டு வண்டிக்கு 500 மீட்டர் கடக்க ஏழரை நிமிடம். எந்த அலையும் அதைச் சுமக்காது. ஒரே சாலையில் ஏழரை நிமிடக்காரனும் ஐம்பது வினாடிக்காரனும் போகிறபோது, சேர்ந்து கிளம்பிய கூட்டம் அடுத்த விளக்கை அடைவதற்குள் கலைந்துவிடும். கூட்டம் கலைந்தால் ஒருங்கிணைப்புக்கு அர்த்தமே இல்லை. கோட்பாட்டின் ஆணிவேர் இந்த இடம்தான்.

ஆனால் அதே கரும்பு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. வெட்டிய கரும்பு நேரம் ஆக ஆகச் சர்க்கரைச் சத்தை இழக்கும். எல்லோரும் ஒரே நாளில் வெட்டிக் கொண்டுவந்தால் ஆலை வாசலில் வண்டிகள் மைல் கணக்கில் நின்று, கரும்பு வண்டியிலேயே காயும். எனவே ஆலைகள் விவசாயிகளுக்குத் தேதி வாரியாக வெட்டு உத்தரவு கொடுக்கின்றன. வாசலில் நெரிசலைத் தீர்ப்பதற்குப் பதில் வயலிலேயே நிறுத்தி வைப்பது. ஸ்கூட்டில் இதே உத்தி உண்டு. நடு ஊரில் ஒரு சந்திப்பு நிரம்பப் போகிறது என்று தெரிந்தால், அதைத் தொடாமல், ஊர் எல்லையில் இருக்கும் விளக்குகளில் சிவப்பைக் கொஞ்சம் நீட்டி வண்டிகளை அங்கேயே பிடித்து வைக்கும். வரிசை எங்கே நின்றால் பின்னால் உள்ள சந்திப்பை அடைக்காதோ அங்கே நிற்கட்டும் என்ற கணக்கு. வெட்டு உத்தரவு தாமதமானால் விவசாயிக்கு வருகிற கோபம், ஊர் எல்லையில் காரணம் தெரியாமல் நிற்பவருக்கும் வரும். இருவருக்கும் இழப்பு நிஜம்தான். மொத்தக் கணக்கில் லாபம் என்று சொன்னால் நிற்பவருக்கு ஆறுதல் ஆகாது.

மொத்தக் கணக்கு என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. மேலே சொன்ன அட்டவணையில் பஸ்ஸின் எண்ணைத் திரும்பப் பாருங்கள். அறுபது பேர் ஏறிய பஸ்ஸும் காலி லாரியும் அதில் ஒன்று. ஒற்றை ஆள் ஓட்டிவரும் நான்கு கார்கள் அந்த பஸ்ஸைவிட அதிகப் பச்சைக்கு உரிமை பெறுகின்றன. விளக்கு வண்டிகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணவில்லை. ஸ்கூட்டில் பிற்பாடு பஸ்ஸுக்கு முன்னுரிமை தரும் வசதியைச் சேர்த்தார்கள். அதாவது சேர்க்க முடியும். சேர்க்கச் சொல்லி யாராவது கேட்க வேண்டும்.

நடப்பவர் நிலைமை இன்னும் மோசம். அவர் அட்டவணையிலேயே இல்லை. வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது வழக்கமான கணக்கு. 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 வினாடி. வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினேழரை வினாடி வேண்டும். அந்த ஐந்தரை வினாடியை எந்தச் சுருளும் உணராது, ஏனென்றால் அவரிடம் இரும்பு இல்லை. வண்டிகளின் காத்திருப்பைக் குறைக்கச் சொன்ன இயந்திரம், சொன்னதைச் சரியாகவே செய்கிறது.

சென்னையில் இப்போது காமிரா, சென்சார் எல்லாம் வந்துவிட்டன. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியில் எடுத்த நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டத்தில் 165 சந்திப்புகளுக்குத் தகவமைப்பு விளக்குகள் என்று வகுத்தார்கள். காமிராவுக்கு இரும்பு தேவையில்லை, பைக்கையும் பார்க்கும், நடப்பவரையும் பார்க்கும். பார்த்ததை எண்ணில் சேர்ப்பதா வேண்டாமா என்பது மட்டும் காமிரா முடிவு செய்கிற விஷயம் அல்ல.

கோயம்புத்தூர் நேர் எதிர் வழியில் போனது. 2022, 2023 வருடங்களில் அங்கே பல சந்திப்புகளில் விளக்கையே அணைத்துவிட்டார்கள். நேராகக் குறுக்கே போவதை அடைத்து, கொஞ்ச தூரம் போய் யு-டர்ன் அடித்து வரச் செய்தார்கள். லாலி ரோடு சந்திப்பில் ரவுண்டானா வந்தது. வெப்ஸ்டர் கணக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வீணாகும் அந்த 12 வினாடி இங்கே கிடையாது, யாரும் முழுசாக நிற்பதும் இல்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் சிவப்பு விளக்கு என்பது நடப்பவருக்குக் கிடைத்த இடைவெளியும்கூட. வண்டிகள் நிற்காமல் ஓடும் சாலையில், பள்ளிக்கூடப் பையோடு ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு யார் கை காட்டி நிறுத்துவது? பல இடங்களில் அந்த வேலைக்குத் திரும்பவும் ஒரு போலீஸ்காரர்தான் வந்து நிற்கிறார்.